மாவுப் போசியோடு ஓடியவள்

பயப்படுகிறவர்களைப் பற்றித்தான் எல்லாக் குடும்பங்களிலும் வேடிக்கைக் கதைகள் உலவுகின்றன. பல்லியைப் பார்த்துக் கட்டிலின் மேல் ஏறி நின்ற சித்தி, விமானம் கிளம்பும்போது முன்பின் தெரியாதவரின் கையைப் பிடித்துக்கொண்ட மாமா என்று வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். பயப்படாதவர்களை வைத்து யாரும் கதை கட்டுவதில்லை. அவர்கள் கதை சொல்லும் இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அப்படி உட்கார்ந்திருந்தவர் என் கணவர் முரளி. கதையாகிப்போனவள் நான்.

கல்யாணமான கையோடு கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்தோம். இருவருக்கும் ஹிஞ்சவடியில் வேலை. பக்கத்திலேயே வாகட் என்ற இடத்தில், எட்டாவது மாடியில் வீடு வாங்கினோம். என் வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். அதாவது, மற்றவர்கள் நன்றாக ஓடுகிறது என்று சொல்வதை வாங்கி, இது எங்கே உடையும், எப்போது உடையும், உடைந்தால் யார் தலையில் விழும் என்று நாள் முழுவதும் பயந்துகொண்டே இருக்க வேண்டும். அலுவலகத்தில் இதற்குச் சம்பளமும், அவ்வப்போது பாராட்டும் உண்டு. அதே காரியத்தை வீட்டுக்கு வந்து செய்தால் மட்டும் மனநிலை சரியில்லை என்கிறார்கள்.

நான் செய்ததெல்லாம் அப்படியொன்றும் பெரிதில்லை. கீஸர் சுவிட்சை அணைத்தேனா என்று பார்க்க, பாதி வழியில் பாணேரிலிருந்து வண்டியைத் திருப்பச் சொல்வேன். லிஃப்டில் துணைக்கு ஆள் வரும்வரை காத்திருப்பேன். (துணைக்கு வந்தவர் நூறு கிலோவுக்கு மேல் என்றால் அடுத்த லிஃப்டில் போவேன்.) கதவுக்குப் பின்னால் ஒரு நீலப் பை தொங்கும். அவசரமாக வீட்டை விட்டு ஓட நேர்ந்தால் எடுத்துக்கொண்டு ஓட. பாஸ்போர்ட், சான்றிதழ்கள், டார்ச், பிஸ்கட், ஒரு விசில். முரளி அந்த விசிலைப் பார்த்துவிட்டு, ஓடுகிற வழியில் கபடி மேட்ச் ஏதாவது நடத்தப் போகிறாயா என்று கேட்டார்.

அவர் நேர் எதிர். நெடுஞ்சாலையில் ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போவார். ரத்தப் பரிசோதனை என்றால் சிரிப்பார். அலுவலகத்தில் வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகச் செய்வதற்குக்கூடப் போனதில்லை. இல்லாத நோயை எதற்குத் தேடுவது என்பார். அவரை எல்லோருக்கும் பிடிக்கும். பயமில்லாதவர் பக்கத்தில் நிற்பது, மழையில் கூரைக்குக் கீழே நிற்பது போல.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் சொசைட்டியின், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பின், வாட்ஸ்அப் குழுவை நான் சில மாதங்களுக்கு முன்பே ஊமையாக்கியிருந்தேன். காணாமல்போன குழந்தைகள், வெடித்த பிரெஷர் குக்கர்கள், ஓட்டல் பனீரில் என்ன கலக்கிறார்கள் என்று தினமும் ஏதாவது வரும். படித்தால் தூக்கம் போய்விடும். பயத்தைக் குறைக்க நான் என் வாழ்க்கையில் எடுத்த ஒரே நடவடிக்கை அதுதான். அதனால்தான், ஞாயிறு காலை மாக் டிரில், அதாவது தீயணைப்பு ஒத்திகை நடக்கும், யாரும் பதற வேண்டாம் என்று செயலாளர் குல்கர்ணி காகா (காகா என்றால் மராத்தியில் சித்தப்பா) மராத்தியிலும் ஆங்கிலத்திலும் போட்டிருந்த அறிவிப்பு எனக்குத் தெரியாமல் போயிற்று.

காலை. இட்லி முதல் ஈடு அடுப்பில் இருந்தது. மகள் மதுமிதா அப்போது மூன்றாம் வகுப்பு. டிவி முன்னால் இருந்தாள். முரளி சாப்பாட்டு மேஜையில் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தார். அபாய மணி அலறியது. கதவைத் திறந்தேன். படிக்கட்டுப் பக்கமிருந்து வெள்ளைப் புகை திரண்டு வந்துகொண்டிருந்தது. (ஒத்திகை தத்ரூபமாக இருக்கட்டும் என்று புகைக் குப்பியைக் கொளுத்தி வைத்திருந்தார்களாம். அந்த யோசனையைச் சொன்னவரை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.)

நான் அலறியதில் மது எழுந்து ஓடி வந்தாள். முரளி கதவுவரை வந்து புகையைப் பார்த்தார். திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. அழுதேன். காலில் விழாத குறைதான்.

"நீ புள்ளையக் கூட்டிட்டுப் போ, சுமதி. நான் டீயக் குடிச்சுப்போட்டு வர்றன்" என்றார்.

இப்படிப்பட்ட மனிதரோடு எரிந்து சாவதா, குழந்தையோடு பிழைப்பதா என்று யோசிக்க நேரமில்லை. ஒரு கையில் மதுவைப் பிடித்தேன். இன்னொரு கையில் எது கிடைத்ததோ அதைத் தூக்கினேன். ஓடினேன். ஓடுகிற ஓட்டத்தில் எதிர்வீட்டுக் கதவை இடித்தேன். ஸ்நேஹல் பாதித் தலைக்கு மருதாணி பூசியபடி திறந்தாள். அவளுக்கு ஒத்திகை பற்றித் தெரியும். போக வேண்டாமென்று முடிவு செய்து மருதாணியைக் குழைத்திருந்தாள். ஆனால் என் முகத்தைப் பார்த்ததும், ஒத்திகைக்கு நடுவில் நிஜமாகவே பிடித்துக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்து அவளும் ஓடி வந்தாள்.

மதுவை அவள் கையில் ஒப்படைத்துவிட்டு, இறங்கிக்கொண்டே தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். மற்ற நேரத்தில் நான் இந்தி பேசினால் காய்கறிக்காரரே தமிழில் பேச முயல்வார். அன்று சரளமாக வந்தது. "ஆக் லகா ஹை. மேரா பதி ஊப்பர் ஹை. வோ சாய் பீ ரஹா ஹை." தீப்பிடித்திருக்கிறது, கணவர் மேலே இருக்கிறார், டீ குடிக்கிறார். டீயா என்று கேட்டார் மறுமுனையில் இருந்தவர். ஆமாம் என்று அழுதேன். முகவரியைக் கேட்டுக்கொண்டார்.

கீழே, குழந்தைகள் விளையாடும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மக்கள் வடாபாவ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதெல்லாம் என் கண்ணில் விழுந்ததே தவிர மூளைக்குப் போகவில்லை. நடுவில் போய் மண்ணில் உட்கார்ந்தேன். எட்டாவது மாடியைக் காட்டி, ஐயோ, போயிட்டாரே என்று வாய்விட்டு அழுதேன். ஊரில் எழவு வீட்டில் பெண்கள் எப்படி அழுவார்களோ அப்படி. எனக்கு அப்படி அழத் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஸ்நேஹல் என்னைக் கட்டிக்கொண்டு அவளும் அழுதாள். அவள் மருதாணி என் தோளெல்லாம். குல்கர்ணி காகா ஒலிபெருக்கியைப் பிடித்தபடி, "வஹினி, வஹினி" என்று என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். அண்ணி, அண்ணி என்கிறார். அதற்கு மேல் என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போது எட்டாவது மாடி பால்கனியில் ஓர் உருவம் வந்து நின்றது. பனியன், லுங்கி, கையில் டீ கிளாஸ்.

"சுமதி, இட்லிய எறக்கறதா, இன்னும் வேகட்டுமா?"

தமிழ் தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் மூன்று வீட்டுக்காரர்கள்தான். ஆனால் சொசைட்டி மொத்தமும் புரிந்துகொண்டு சிரித்தது. அப்போதுதான் என் மடியைப் பார்த்தேன். நீலப் பை மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நான் தூக்கி வந்தது இட்லி மாவு இருந்த எவர்சில்வர் போசி. கீஸருக்காக பாணேரிலிருந்து திரும்பியவள், எரிகிற வீட்டில் கேஸ் அடுப்பையும் அணைக்காமல் வந்திருந்தேன்.

மானம் அத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. வாசலில் சைரன் கேட்டது. நிஜத் தீயணைப்பு வண்டி, நிஜ ஆட்கள். குல்கர்ணி காகாவுக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. யார் கூப்பிட்டது என்று அவர்களில் மூத்தவர் கேட்டார். நான் கையைத் தூக்கினேன். போசியோடு. அவர் என்னையும் போசியையும் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். மாவை வெயிலில் வைக்காதீர்கள், புளித்துவிடும் என்று இந்தியில் சொல்லிவிட்டு, காகாவைத் தனியே அழைத்துப்போய்த் திட்டினார்.

அன்றிலிருந்து அது முரளியின் கதை. பிறந்தநாள், கிரஹப்பிரவேசம், ஊரில் காதுகுத்து, எங்கே போனாலும் யாராவது கேட்பார்கள், அவர் சொல்வார். மிக நன்றாகச் சொல்வார். என் இந்தியை, என் அழுகையை, காகாவின் "வஹினி"யை எல்லாம் நடித்துக் காட்டுவார். வருடத்துக்கு வருடம் போசி பெரிதாகிக்கொண்டே போயிற்று. கடைசியில் அதில் கல்யாணத்துக்கே மாவு கரைக்கலாம். வீட்டில் அது ஒரு சொல்லாகவும் ஆகிவிட்டது. நான் எதற்காவது பதறினால், "மாவுப் போசியத் தூக்கிட்டயா?" என்பார். நான் வாயை மூடிக்கொள்வேன்.

மூடிக்கொண்டதில் நியாயமும் இருந்தது. என் பயம் நிறையக் கெடுத்திருக்கிறது. மதுவை நீச்சல் வகுப்புக்கு அனுப்பவில்லை. பள்ளியில் சிங்ககட் மலை ஏறக் கூட்டிப்போனபோது, மழையில் வழுக்கும் என்று நிறுத்தினேன். வகுப்பே போய் வந்தது. அவள் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. அப்படிப்பட்ட நாட்களில், இவரைப் போல இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

பல வருடங்கள் கழித்து, ஒரு மழைக்கால மாலையில் லிஃப்ட் பழுதாகிவிட்டது. இருவரும் படியேறினோம். ஐந்தாவது மாடி வளைவில் அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். என்னங்க ஆச்சு என்றேன். சும்மா வேடிக்கை பார்க்கிறேன் என்றார். எதிரே வெறும் சுவர். வலது கையால் இடது கையை இறுகப் பிடித்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். வெறும் வாயுத் தொல்லை என்றார். அழுத்திச் சொன்னேன்.

"மாவுப் போசியத் தூக்கிட்டயா?" என்று சிரித்தார். உதடு வெளுத்திருந்தது.

"ஆமாங்க, தூக்கிட்டன். எந்திரிங்க."

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது.

வலி எத்தனை நாளாக இருக்கிறது என்று டாக்டர் அம்மா கேட்டார். இன்றுதான் என்றார் முரளி. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். முரளி தரையைப் பார்த்துக்கொண்டு, போன தீபாவளியிலிருந்து என்றார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரே கட்டிலில் படுக்கிறோம். தீபாவளியிலிருந்து.

இதயத்துக்குப் போகும் குழாய்களில் அடைப்பு. முன்பே ஒருமுறை மாரடைப்பு வந்து, கவனிக்காமல் விட்டதில் இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு முந்தின மாலை, பார்வையாளர் நேரத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"அன்னைக்கு நான் டீ குடிக்கல, சுமதி" என்றார்.

என்றைக்கு என்று கேட்டேன்.

"நீ மாவுப் போசியத் தூக்கிட்டு ஓடுனயே, அன்னைக்கு. மாக் டிரில்னு எனக்கும் தெரியாது. பொகையப் பாத்ததும் காலு ரெண்டும் வரல. எப்படியோ நாற்காலிக்கு வந்து விழுந்துட்டன். நீ கையப் புடிச்சு இழுக்கற, என்னால எந்திரிக்க முடியல. அத எப்படிச் சொல்றது? அதான் டீ குடிச்சுப்போட்டு வர்றன்னு சொன்னன்."

நாங்கள் போன பிறகு அழுததாகச் சொன்னார். மதுவும் நானும் கீழே போய்ச் சேர்ந்தோமா என்று தெரிந்துகொள்ள, தரையில் தவழ்ந்து பால்கனிக்கு வந்திருக்கிறார். கம்பி வழியாக எட்டிப் பார்த்தபோது பிளாஸ்டிக் நாற்காலிகளும் வடாபாவும் தெரிந்தன. அப்போதுதான் புரிந்ததாம். முகத்தைக் கழுவிக்கொண்டு, ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு வந்து நின்றிருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எத்தனை ஊர், எத்தனை பந்தல், எத்தனை சிரிப்பு. ஆனால் அந்தக் காலி வீட்டில் அவர் தவழ்ந்துபோனதுதான் கண்ணுக்குள் வந்தது.

"என்னைய வெச்சு இத்தன வருசம் சிரிச்சீங்களே" என்று மட்டும் கேட்டேன்.

"உன்னையச் சொல்லலீன்னா என்னையச் சொல்லோணுமே." அப்புறம் என் கையைப் பிடித்தார். "இப்பவும் அப்படித்தான் இருக்குது. வலி வந்தப்பவே தெரியும். டாக்டர்கிட்டப் போனா நெசமாயிருமோன்னு உக்காந்துட்டன். பயந்தா எப்படி எந்திரிச்சு ஓடறது? நீ சொல்லு, உனக்குத்தான் தெரியும்."

வாழ்க்கையில் முதல்முறையாக என்னிடம் ஒருவர் அந்த வித்தையைக் கேட்டார்.

"யோசிக்கக் கூடாதுங்க. கையில கெடச்சதத் தூக்கிட்டு ஓடிரோணும்" என்றேன்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நர்ஸ் வந்து என்னைத்தான் திட்டினாள்.

பிழைத்து வீட்டுக்கு வந்தார். அந்தக் குளிர்காலத்தை நான் மறக்க மாட்டேன். இருவரும் சேர்ந்து பயந்தோம். மாத்திரைக்கு அலாரம் வைத்தார். அது அடிக்கும் முன்பே எழுந்து உட்கார்ந்திருப்பார். சொசைட்டித் தோட்டத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பார். கீஸரை அணைத்தாயா என்று ஒருநாள் அவரே கேட்டார். இருவரும் பாதி வழியில் நின்று சிரித்தோம். கல்யாணமாகி அத்தனை வருடங்களில் அவரோடு அவ்வளவு நெருக்கமாக நான் இருந்ததில்லை. ஆனால் இதயம் ஏற்கெனவே களைத்துப்போயிருந்தது. வெயில் தொடங்கிய ஒரு காலையில், பல் விளக்கிவிட்டு வந்து சோபாவில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. அன்று நான் அழுதபோது சத்தமே வரவில்லை. ஸ்நேஹல் என்னைக் கட்டிக்கொண்டாள். குல்கர்ணி காகா கதவோரம் நின்றார்.

சில மாதங்கள் கழித்து மதுவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் அதற்குள் கல்லூரிக்குப் போயிருந்தாள். எதைக் கேட்டாலும், "ஒண்ணும் இல்லமா, சப் டீக் ஹை, எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று அவரைப் போலவே சிரிக்க ஆரம்பித்திருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் சொன்னேன். கேட்டுவிட்டு என் மடியில் படுத்து அழுதாள். அப்பா இறந்ததற்கு அவள் அப்போதுதான் அழுதாள்.

வருஷத் திதிக்குக் கோயம்புத்தூர் போனோம். சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கையில் யாரோ மாவுப் போசிக் கதையைக் கேட்டார்கள். சொல்ல ஆளில்லை என்பது கேட்ட பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. மது சொன்னாள். இந்தியும் மராத்தியும் கலந்த அவளுடைய திக்கித் திக்கி வரும் தமிழில், அப்பா மாதிரியே கையை ஆட்டி. எல்லோரும் சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. அப்பா டீ குடிக்கவில்லை என்பதையும், தவழ்ந்து வந்ததையும், தீபாவளியையும் சொன்னாள். முரளியின் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். ஆலை வைத்து நடத்தியவர், அதட்டிப் பேசுபவர், நாங்களெல்லாம் அவர் முன்னால் உட்காரத் தயங்குவோம். செத்துப்போன தம்பியைக் கோழை என்று ஊருக்குச் சொல்லிவிட்டோம் என்று கோபம் போலிருக்கிறது என நினைத்தேன்.

மறுநாள் காலை சமையலறை வாசலில் வந்து நின்றார். தண்ணீர் வேண்டுமா மாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அம்மிணி, மாடி ஏறுனா எனக்கும் நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி இருக்குது. வீட்டுல யாருக்கும் சொல்லல."

கையில் கரண்டி இருந்தது. அடுப்பை அணைத்தேன். அவர் மனைவியான அக்காவிடம் சொல்லிவிட்டு, அவரை அழைத்துக்கொண்டு அப்போதே கிளம்பினேன். ஆஸ்பத்திரியில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். காலு வரமாட்டேங்குது அம்மிணி என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். அந்தக் குடும்பத்தில் மருமகளாக வந்த நாளிலிருந்து அவரைத் தொட்டதில்லை. கையைப் பிடித்துத் தூக்கி உள்ளே அழைத்துப் போனேன்.

அவருக்கு நேரத்தில் ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். நன்றாக இருக்கிறார். இப்போது எந்த விசேஷத்திலும் கதையைச் சொல்வது அவர்தான். என் இந்தியில் தொடங்கி, தம்பியின் டீயைச் சொல்லி, ஆஸ்பத்திரி நாற்காலியை விட்டுத் தான் எழ முடியாமல் உட்கார்ந்திருந்ததில் முடிப்பார். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். போகும்போது ஓரிருவர் தனியாக வந்து, எந்த டாக்டரிடம் காட்டினீர்கள் என்று அவரிடம் விசாரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். ஆனால் அந்த "வஹினி, வஹினி"யை அவருக்கு அவ்வளவாக நடிக்க வரவில்லை. முரளி சொன்னால் இன்னும் கொஞ்சம் நன்றாகச் சொல்வார்.